தம்பி மீது குடிபோதை வழக்கு: அக்காவின் கார் இன்சூரன்ஸ் ஏறுமா?

வாசகர் கேள்வி:

“ஐயா, நான் மண்டபம் பக்கத்தில் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். என் பெயரில் 1,197 சிசி பெட்ரோல் கார் ஒன்று உள்ளது. வாங்கி நான்கு வருடம் ஆகப்போகிறது, இதுவரை ஒரு கிளெய்மும் போட்டதில்லை. இப்போதைய பாலிசியில் 35 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்கான தள்ளுபடி, இருக்கிறது. தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் கவர் எடுக்கவில்லை.

போன மாதம் தம்பி நண்பர்களோடு தனுஷ்கோடிக்குக் காரை எடுத்துப் போனான். ராத்திரி திரும்பும்போது பாம்பன் பாலத்துக்கு முன்னால் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லி, குடித்துவிட்டு ஓட்டியதாகக் கேஸ் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே எங்கேயோ கல்லில் இடித்து முன் பம்பரும் கிரில்லும் உடைந்திருந்தன. பட்டறையில் 14,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மூன்று மாதம் முன்பு அதிவேகத்துக்கு ஒரு இ-சலானும் வந்திருக்கிறது, அதுவும் அவன் ஓட்டியபோதுதான்.

அடுத்த மாதம் ரினியூவல். ‘கேஸ் இருப்பதால் பிரீமியம் ஏறிவிடும், இந்த வருடம் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுக்கொள்ளலாம்’ என்கிறார் ஏஜென்ட். லண்டனில் இருக்கும் என் தங்கையோ, ‘இங்கேயெல்லாம் இரண்டு மடங்காகிவிடும்’ என்று பயமுறுத்துகிறாள். பம்பருக்கு கிளெய்ம் போடும்போது ஓட்டியவர் என்று என் பெயரை எழுதிவிடலாம் என்றும் ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்வது? தம்பி கெட்டவன் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை வெளியூர்க்காரர்களை ராமேஸ்வரம் கூட்டிப் போய், பெட்ரோல் காசுக்கு மேல் கிடைப்பதை அம்மாவிடம்தான் கொடுப்பான்.”

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் நீங்கள் கேட்டதற்கு நேரான பதில். இந்தக் கேஸாலும் அந்த இ-சலானாலும் அடுத்த மாதம் உங்கள் பிரீமியம் தானாக ஏறாது. நம் நாட்டில் இன்றைக்கு இருக்கும் ஏற்பாடு அப்படி. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் இரண்டு மூன்று முறை திரும்பிப் போய்ப் படித்தது பிரீமியத்தைப் பற்றிய வரிகளை அல்ல. அதற்கு வருகிறேன்.

கார் பிரீமியம் என்பது இரண்டு தனிக் கணக்கு. ஒன்று ‘தேர்டு பார்ட்டி’, அதாவது உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான கணக்கு. இதை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு வருடம் 3,416 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஓட்டுபவர் இருபது வருடம் ஒரு சலானும் வாங்காதவராக இருந்தாலும் சரி, வாரம் ஒன்று வாங்குபவராக இருந்தாலும் சரி, தொகை ஒன்றுதான். இன்னொன்று ‘ஓன் டேமேஜ்’, அதாவது உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கான கணக்கு. 2007-லிருந்து இதைக் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. வண்டியின் ஐடிவி (வண்டி முழுதும் போனால் கம்பெனி தரும் உச்சத் தொகை), வயது, சிசி, பழைய கிளெய்ம் எல்லாம் இதில் சேரும். சில கம்பெனிகள் விண்ணப்பத்தில் ஓட்டுநரின் பழைய வழக்குகளைப் பற்றிக் கேட்பதுண்டு. கேட்டால் உள்ளதை எழுதுங்கள். கேட்காவிட்டால் நீங்களாக எழுத வேண்டியதில்லை.

உங்கள் தங்கை சொன்னதும் பொய்யில்லை, அது அந்த ஊர்க் கணக்கு. இங்கிலாந்தில் வேகத்துக்காகப் பிடிபட்டால் லைசென்ஸிலேயே குறைந்தது 3 புள்ளி ஏறி, நான்கு வருடம் அங்கேயே கிடக்கும். குடித்துவிட்டு ஓட்டிய பதிவு 11 வருடம் இருக்கும். பாலிசி எடுக்கப் போனால் கடந்த ஐந்து வருடத்தில் என்ன குற்றம் என்று கம்பெனி கேட்கும், அதை வைத்து விலை சொல்லும். அங்கே காரை விட ஆளைப் பார்த்துத்தான் பிரீமியம். இங்கே இன்னும் காரைப் பார்த்துத்தான்.

இது இப்படியே இருந்துவிடும் என்று எண்ண வேண்டாம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அமைத்த ஒரு குழு, போக்குவரத்து விதிமீறலுக்கென்று தனியாக ஒரு பிரீமியம் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்து, அந்த அறிக்கை 2021 ஜனவரியில் வெளிவந்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று அதில் அட்டவணையே போட்டிருந்தார்கள். டெல்லிப் பகுதியில் முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்பது யோசனை. உங்கள் அடுத்த மாத ரினியூவலை அது தொடாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறதல்லவா?

சரி, இப்போது பம்பர்.

நான் சர்வேயர். விபத்துக்குள்ளான வண்டியைப் போய்ப் பார்த்து, சேதத்தை மதிப்பிட்டு, கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது என் வேலை. பல வருடங்களுக்கு முன், தேவிபட்டினம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையில் மோதிய ஒரு காரைப் பார்க்க ராமநாதபுரத்துப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். கிளெய்ம் படிவத்தில் ஓட்டியவர் என்று அந்த வீட்டு அம்மாவின் பெயர் இருந்தது. அவர் ஐந்தடிக்கும் குறைவு. காரின் கதவைத் திறந்தேன். டிரைவர் சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. மோதிய வேகத்தில் அடியில் இருந்த தண்டவாளம் நெளிந்து, சீட் அந்த இடத்திலேயே இறுகியிருந்தது, யாரும் பிறகு நகர்த்தியிருக்க முடியாது. நான் உட்கார்ந்து பார்த்தேன், எனக்கே கிளட்ச் நுனிக்காலில்தான் எட்டியது. அந்த அம்மாவை உட்காரச் சொன்னேன். கால் மிதிக்கு ஒரு சாண் முன்னாலேயே தொங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். குடித்திருந்தது மகன். இரண்டு லட்சத்துக்கு மேல் வந்த பழுதுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. பொய் சொல்லிப் பணம் கேட்டது போலீஸ் வரை போகாமல் நின்றது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

உங்கள் விஷயத்தில் சீட்டைப் பார்க்கவே தேவையில்லை. வண்டி எண், தேதி, நேரம், ஊதியபோது வந்த அளவு, ஓட்டியவர் பெயர் எல்லாம் போலீஸ் பதிவில் இருக்கிறது. அதே நாளில் அதே வண்டியை நீங்கள் ஓட்டி இடித்ததாக எழுதினால் யார் நம்புவார்கள்? வேறு தேதி போட்டாலும் அது பொய்தான். போதையில் ஓட்டும்போது ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் கிடையாது என்று ஓன் டேமேஜ் பாலிசியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்து, உங்கள் சம்மதத்தோடு ஓட்டியவர் யாராக இருந்தாலும் அது பொருந்தும். ஒரு பள்ளி ஆசிரியையைக் கையெழுத்துப் போடச் சொல்கிற அந்த ஏஜென்ட், நாளைக்குக் கேள்வி வந்தால் பக்கத்தில் நிற்கமாட்டார். கையெழுத்து உங்களுடையது.

பணக் கணக்காகப் பார்த்தாலும் இது லாபமில்லை. 14,000-ல் பாகங்கள் 10,000, கூலி 4,000 என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம். ஜீரோ டெப் இல்லாததால் 5,000 போய்விடும். கட்டாயமாக நீங்கள் ஏற்கவேண்டிய 1,000 ரூபாயையும் கழித்தால், நியாயமான ஒரு விபத்தாகவே இருந்தாலும் கையில் வருவது 8,000. அதற்கு ஈடாக போனஸ் முழுதும் போகும். இந்த வருடத்தையும் கிளெய்ம் இல்லாமல் முடித்தால் உங்கள் 35 சதவீதம் 45 ஆகும், அடுத்த வருடம் 50 ஆகி அங்கேயே நிற்கும். கிளெய்ம் போட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்கி 20, 25, 35 என்று மறுபடி ஏறவேண்டும். ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 10,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அடுத்த நான்கு ரினியூவலுக்கு போனஸோடு 20,500 கட்டுவீர்கள். போனஸ் போனால் 32,000. வித்தியாசம் 11,500, ஜிஎஸ்டி தனி. எட்டாயிரத்துக்கு ஆசைப்பட்டு பதினோராயிரத்து ஐந்நூறை விடுகிற கணக்கு. பம்பரைக் கைக்காசு போட்டு மாற்றிவிடுங்கள். அந்தக் காசைத் தம்பி சம்பாதித்துத் தரட்டும்.

போக்குவரத்துக் குற்றம் இங்கே பிரீமியத்தைக் கூட்டுவது இந்த வழியில்தான். சலான் தானாக ஒன்றும் செய்யாது. சலான் வாங்கவைத்த வேகம் என்றாவது ஒருநாள் ஒரு மோதலில் போய் நிற்கும், அது கிளெய்ம் ஆகும், கிளெய்ம் போனஸைத் தின்னும். பிரப்பன்வலசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ரோட்டில் ஆடு குறுக்கே வருவதும், கருவேல மறைவிலிருந்து பைக் திடீரென்று ஏறுவதும் தினம் நடப்பதுதான். தனுஷ்கோடி ரோட்டில் காற்று அடித்தால் தார் மேல் மணல் படலமாக ஏறிக் கிடக்கும், பிரேக் போட்டால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. அந்த ரோட்டில் போதையோடு ஒருவன் காரைக் கொண்டுபோய்க் கல்லில் மட்டும் இடித்துத் திரும்பியிருக்கிறான். அந்தக் கல் இருந்த இடத்தில் சங்கு மாலை விற்கிற ஒரு பிள்ளை நின்றிருந்தால்? உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படி ஆகியிருந்தால் பணம் யார் கட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரணத்துக்கோ காயத்துக்கோ தேர்டு பார்ட்டி பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. ஆனால் 2022 ஏப்ரலில் அமலான சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டியவர் போதையில் இருந்தார் என்பதைக் கம்பெனி தன் எதிர்வாதமாகவே வைக்கலாம். தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கம்பெனியை முதலில் பணம் கட்டச் சொல்லி, அந்தப் பணத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதிக்கும். ஆர்.சி. புக்கில் இருப்பது உங்கள் பெயர். அந்தத் தொகை பல லட்சம் வரை போகும். சம்பளத்திலும் சொத்திலும் கை வைக்கிற அளவு.

அடுத்தது லைசென்ஸ். குடித்துவிட்டு ஓட்டிய முதல் வழக்குக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெரும்பாலும் கோர்ட்டில் அபராதம் கட்டி முடித்துவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் ‘அப்பாடா, முடிந்தது’ என்று உட்கார்ந்துவிடுவதும் அங்கேதான். அப்புறம்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் சொன்னபடி, இந்தக் குற்றத்துக்கு லைசென்ஸை குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்கவேண்டும். அதிவேகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நிறுத்தி வைத்த காலத்தில் தம்பி காரைத் தொட்டால், இன்சூரன்ஸைப் பொறுத்தவரை லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதாகத்தான் கணக்கு. அதற்கு 10,000 ரூபாய் அபராதம் தனி. கிளெய்ம் என்று போனால் நிற்காது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்பதால் மட்டுமே கம்பெனி தப்பித்துவிட முடியாது, உரிமையாளர் தெரிந்தே விட்டாரா என்பதையும் நிரூபிக்கவேண்டும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் சொன்னது. விஷயம் தெரியாத உரிமையாளருக்கு அது பெரிய பாதுகாப்பு. தனுஷ்கோடி போன அன்று வரை உங்களுக்கு அது இருந்தது. இன்று எல்லாம் தெரிந்துதான் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் சாவி அவர் கைக்குப் போனால், தெரிந்தே கொடுத்ததாகத்தான் ஆகும். தம்பியின் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதை, மத்திய அரசின் போக்குவரத்துத் துறை இணையதளமான பரிவாகனில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்துப் பார்க்கலாம். அவர் வாய்வார்த்தையை மட்டும் நம்பவேண்டாம். அவர் பொய் சொல்வார் என்பதால் அல்ல, அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இப்போது, உங்கள் கடிதத்தின் கடைசி வரி. தம்பியைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதியது. வெளியூர்க்காரர்களை ராமேஸ்வரம் கூட்டிப் போய், பெட்ரோல் காசுக்கு மேல் கொஞ்சம் வாங்குகிறார் என்கிறீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் இந்தக் கடற்கரை முழுக்க ஓன் போர்டு வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன, எனக்குத் தெரியாமலில்லை. வீட்டு வருமானத்துக்குத்தான் செய்கிறார் என்பதும் புரிகிறது. ஆனால் சொந்தக் கார் பாலிசியில் வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக்கூடாது என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும். அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு வருகிற ஆறு பேரோடு அந்தக் கார் கவிழ்ந்தால், கம்பெனி முதலில் கேட்பது ‘இவர்கள் யார், உங்களுக்கு என்ன உறவு?’ என்பதுதான். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், ‘ரயில்வே ஸ்டேஷனில் பேசி ஏறினோம், இரண்டாயிரம் கொடுத்தோம்’ என்று உள்ளதைச் சொல்வார். உங்கள் காருக்கு ஒன்றும் கிடைக்காது. அவர்களுக்கான நஷ்ட ஈடும் கடைசியில் உங்கள் தலையில் வந்து விழக்கூடும். குடிபோதை கேஸ் ஒரு ராத்திரி நடந்தது. இது மாதம் ஒருமுறை நடக்கிறது. அதனால்தான் எனக்கு இதைப் பற்றி அதிகக் கவலை.

அவருக்குச் சவாரிதான் தொழில் என்றால், முறையாக டி போர்டு போட்டு, பர்மிட்டும் வாடகை வண்டிக்கான பாலிசியும் எடுத்து ஓட்டட்டும். பிரீமியம் கூடத்தான் செய்யும், ஆனால் ஏறுகிற ஆட்களுக்குப் பாதுகாப்பு இருக்கும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியானால் சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது. அதை அவர் சொந்த வண்டியில் செய்யட்டும். உங்கள் வண்டியில் வேண்டாம்.

கடைசியாக, தேர்டு பார்ட்டி மட்டும் போடச் சொன்ன யோசனை. வேண்டாம். கேஸால் பிரீமியம் ஏறாது என்னும்போது அந்த யோசனைக்குக் காரணமே இல்லை. ஓன் டேமேஜை ஒரு வருடம் விட்டால் நான்கு வருடம் சேர்த்த போனஸ் போய்விடும், பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால்தான் அது நிலைக்கும். அப்புறம் எடுக்கப் போனால் வண்டியைப் பரிசோதித்துவிட்டுத்தான் தருவார்கள். தவிர, நீங்கள் இருப்பது மண்டபத்தில். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படித் தண்ணீரில் நிற்கிற காருக்கு தேர்டு பார்ட்டி பாலிசி ஒரு ரூபாய் தராது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் வேண்டும். பம்பருக்காக இவ்வளவு யோசிக்கிற நீங்கள் ஜீரோ டெப்போடு அதையும் சேர்த்து விலை கேளுங்கள்.

பாலிசி முடிகிற தேதிக்கு இரண்டு வாரம் முன்பே, உடைந்த பம்பரை மாற்றிவிட்டு, மூன்று கம்பெனிகளிடம் ஒரே ஐடிவிக்கு விலை வாங்குங்கள். போனஸ் 45 சதவீதம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், 35 என்றே போட்டு அனுப்பிவிடுவதும் நடக்கும். இ-சலானைக் கட்டி ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி இருந்தால் பின்னால் பெயர் மாற்றத்திலும் மற்ற ஆர்.டி.ஓ. வேலைகளிலும் தடங்கல் வரும். ஏஜென்ட் கொடுத்த கிளெய்ம் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், அதை இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள். கம்பெனிக்கு அனுப்பியிருந்தால், கிளெய்மை வாபஸ் வாங்குவதாக உங்கள் மின்னஞ்சலிலிருந்து நீங்களே எழுதுங்கள், ஏஜென்ட் மூலமாக வேண்டாம். சர்வேயர் வண்டியைப் பார்க்க வருவதற்குள் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.